எக்ஸ் ஒன்றும் எக்ஸ் இரண்டும் சமமானால்

ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யைக்கு அறுபத்து மூன்று.

மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சரியாகத்தான் சொல்கிறேன்.

குரு ஜரீனா, பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. சிஷ்யை வடிவாம்பாள். ஊரில் எல்லோருக்கும் வடிவு டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவர். அவரிடம் படித்துப் போன எத்தனையோ பிள்ளைகளில் ஒருத்திதான் இந்த ஜரீனா.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஜரீனா அறைக்குள் நுழைந்தால் வடிவு டீச்சர் எழுந்து நிற்பார், குரு அல்லவா. அவர் நிற்பதைப் பார்த்து ஜரீனா உட்கார மாட்டார், டீச்சர் அல்லவா. இரண்டு பேரும் நின்றபடியே கால் மணி நேரம் கணக்குப் பேசுவார்கள். அந்த டிபார்ட்மெண்டின் அட்டெண்டர் மரியதாஸ் டீயோடு வந்துதான் சத்தம் போடுவார்.

"யாராவது ஒருத்தர் மொதல்ல உக்காருங்க. டீய யார் கையில குடுக்கன்னு எனக்குத் தெரியல."

"மேடம் உக்காரட்டும்."

"டீச்சர் உக்காரட்டும்."

"அப்ப ரெண்டு டீயவும் நானே குடிச்சிக்கிடுதேன்."

எட்டு வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வடிவு டீச்சர் இந்த அறைக்கு வந்தார். அப்போது ரிட்டையர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. "எனக்கு ஒரு கணக்கு குடுங்க மேடம். இதுவரைக்கும் யாரும் போடாத கணக்கா இருக்கணும்" என்றார்.

ஜரீனா சிரித்தார். "இப்ப எதுக்கு டீச்சர் உங்களுக்கு அது?"

"இத்தன வருஷம் அடுத்தவங்க போட்டு வச்ச கணக்கத்தான் போர்டுல எழுதிருக்கேன். ஒண்ணாவது நான் போட்டதா இருக்க வேண்டாமா?"

ஜரீனா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அப்படிக் கொடுத்த கணக்கு என்னவென்று கேட்டால், எனக்கு விளங்கின மட்டில் சொல்கிறேன். ஒரு கூட்டல். அது முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் க்யூ என்று ஒரு எண் வந்து பெருக்கும். அது ஒன்றைவிடச் சின்னது என்பதால் உறுப்புகள் தேய்ந்து தேய்ந்து வரும், தொகை கைக்குள் அடங்கும். ஒரே திசையில் போகிற கூட்டலும் உண்டு, ஒரே சமயத்தில் பல திசையில் பரவுகிற கூட்டலும் உண்டு. வடிவு டீச்சருடையது மூன்று திசையில் பரவுவது; திசைக்கு ஒன்றாக எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு என்று அதில் எண்கள் உண்டு. அதை இரண்டே திசையில் போகிற வேறொரு கூட்டலாக மாற்றிவிடலாம், தொகை இம்மிகூட மாறாது. இதுதான் அவருடைய சூத்திரம். இடது பக்கம் மூன்று திசை, வலது பக்கம் இரண்டு திசை, நடுவில் ஒரு சமக்குறி.

அந்தச் சமக்குறியைப் போட அவருக்கு ஏழு வருஷம் ஆனது.

பிஎச்டி தீசிஸாக எழுதி, பைண்டு பண்ணி, இரண்டு தேர்வாளர்களுக்குப் போனது. ஒருவர் நன்று என்று எழுதிவிட்டார். இன்னொருவர் தூரத்து ஊர்க்காரர். அவரும் நன்று என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

'இடது பக்கத்தில் எக்ஸ் ஒன்றும் எக்ஸ் இரண்டும் சமமானால் என்ன ஆகும்? விளக்கவும்.'

அவ்வளவுதான். ஒற்றை வரி. அது திங்கள்கிழமை காலையில் வந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து வடிவு டீச்சர் போனை எடுக்கவில்லை. செவ்வாய் எடுக்கவில்லை. புதனும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு துணிப்பையோடு டிபார்ட்மெண்டுக்குள் வந்தார்.

வந்தவர், ஜரீனா எழுந்து நிற்க, தான் பாட்டுக்கு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜரீனா நின்றபடியே கேட்டார்.

"என்ன டீச்சர், மூணு நாளா போனே எடுக்கல?"

"எடுத்து என்னத்தச் சொல்ல?"

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். இடப்பக்கம் ஓரம் விட்டு, தேதி போட்டு, கோடு போட்ட மாதிரி நேராக எழுதியிருந்தது. என் ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன். கீழே கையெழுத்து.

"ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க மேடம். யுனிவர்சிட்டி ஆபீஸ்ல நானே கொண்டு குடுத்துருதேன்."

ஜரீனா கடிதத்தைத் தொடவில்லை. "முப்பதாம் தேதியோட எட்டு வருஷக் கெடு முடியுது டீச்சர். இத இப்ப குடுத்தா மறுபடி சேர முடியாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பொய்யின்னு தெரிஞ்சு போச்சு. அத நான் எப்படி மேடம் நாலு பேர் முன்னால நின்னு உண்மைன்னு சொல்லுவேன்?"

பைக்குள் மறுபடி கையை விட்டு ஒரு கட்டுத் தாளை எடுத்தார். அறுபது தாள். தாளுக்கு ஒரு உறுப்பாக, எக்ஸ் ஒன்றுக்கும் எக்ஸ் இரண்டுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துப் போட்டுப் பார்த்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் கணக்கு பாதியில் நின்றிருந்தது. நின்ற இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"ஒரு நாளைக்கு இருபது. நானே போட்டு நானே திருத்திட்டேன். அறுபதும் பெயில்."

விஷயம் இதுதான். அந்தக் கூட்டலில் ஒவ்வொரு உறுப்புக்கும் கீழே எக்ஸ் ஒன்றுக்கும் எக்ஸ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சமமானால் வித்தியாசம் சைபர். கீழே சைபர் வந்தால் அந்த உறுப்பு எல்லையில்லாமல் ஊதிவிடும். வகுப்பில் இதைத்தான் வடிவு டீச்சர் வருஷா வருஷம் சொல்வார். கீழ சைபர் வந்துச்சா, பேனாவக் கீழ வையி. அந்தச் சத்தத்துக்குப் பயந்து எத்தனையோ பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்திருக்கிறார்கள், ஜரீனா உட்பட.

"சமமாகக்கூட வேண்டாம் மேடம். கிட்ட வந்தாலே போதும். ரெண்டும் நெருங்க நெருங்க ஒவ்வொரு உறுப்பும் வானத்துக்கு ஓடுது, பாதாளத்துக்கு ஓடுது. அந்தால வலது பக்கத்தப் பாத்தேன்."

"பாத்தீங்களா? அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல. அங்க கீழ எக்ஸே கிடையாதுல்லா. ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கு. ஒரு பக்கம் வெடிச்சுச் சிதறுது, ஒரு பக்கம் வெத்தல போட்டுட்டு உக்காந்திருக்கு. ரெண்டும் எப்படி மேடம் சமம்?"

ஜரீனா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவசரப்படவில்லை.

"நிரூபணத்துல எந்த வரி தப்பு டீச்சர்?"

"தெரியல."

"தேடுனீங்களா?"

"தேடாம இருப்பேனா? கிடைக்கல. கிடைக்கலன்னா இல்லன்னு ஆயிருமா?"

"டீச்சர், உங்க சூத்திரம் பொய் இல்ல."

வடிவு டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. எம்மேல உள்ள பிரியத்துல சொல்லுதீங்க. ரிப்போர்ட் கார்டு நாளன்னைக்கு அழுத பிள்ளைங்க கிட்ட நானும் இப்படித்தான் சொல்லிருக்கேன், அடுத்த தடவ பாத்துக்கிடலாம்ட்டின்னு. எனக்கு அடுத்த தடவ இல்ல மேடம். கையெழுத்தப் போடுங்க."

 இனி எது சொன்னாலும் அது பிரியக் கணக்கில்தான் சேரும் என்பது ஜரீனாவுக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தி, பறக்காமல் இருக்க அதன்மேல் டஸ்டரை வைத்தார்.

"டீச்சர், தட்டாமாலை சுத்துவீங்களா?"

"என்னது?"

"தட்டாமாலை."

"எனக்கு அறுபத்து மூணு வயசு ஆச்சு மேடம்."

"தெரியும்."

"எனக்கு முட்டியில சவ்வு தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"அதும் தெரியும். மெதுவாத்தான் சுத்துவோம்."

"இங்க என் தீசிஸ் செத்துக் கிடக்கு. நீங்க தட்டாமாலை சுத்தக் கூப்பிடுதீங்க!"

"ஆமா. கூப்பிடுதேன்."

வடிவு டீச்சருக்குக் கோபம் வந்தது. ஆனால் எட்டு வருஷம் குரு குரு என்று எழுந்து நின்றுவிட்டு, கடைசி நாளன்று மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

பிள்ளைகளுக்குப் படிப்பு லீவு. அடுத்த அறை காலியாகக் கிடந்தது. ஜரீனா பெஞ்சுகளை ஓரமாகத் தள்ள ஆரம்பித்ததும் மரியதாஸ் ஓடி வந்தார்.

"என்ன மேடம், ஏதும் இன்ஸ்பெக்சனா?"

"இல்லண்ணே. நானும் டீச்சரும் தட்டாமாலை சுத்தப் போறோம்."

மரியதாஸ் ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு மறுமுனையைப் பிடித்து அவரும் பெஞ்சைத் தள்ளினார். இருபத்தாறு வருஷம் கணக்கு டிபார்ட்மெண்டில் இருந்தவர். அவர் பார்க்காதது இல்லை.

"அந்தக் கதவச் சாத்திருங்க தம்பி" என்றார் வடிவு டீச்சர். "யாராவது பாத்தா என்னத்தச் சொல்லுவாங்க."

"கணக்கு போட்டுப் போட்டு ரெண்டு பேருக்கும் கழண்டு போச்சும்பாங்க" என்றார் மரியதாஸ். கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு உள்பக்கமே நின்றுகொண்டார்.

இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினார்கள். கையைக் குறுக்கே நீட்டி, வலக்கையால் வலக்கையும் இடக்கையால் இடக்கையுமாகப் பிடித்துக்கொண்டார்கள். வடிவு டீச்சர் நல்ல கனம். ஜரீனா ஒல்லி. வடிவு டீச்சர் இரண்டு முழம் தள்ளி நின்று, முதுகு வளையாமல், பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற மாதிரி நின்றார்.

சுற்றினார்கள். அதைச் சுற்றுவது என்று சொல்ல முடியாது. ஒருவர் இழுக்க ஒருவர் தடுக்க, கால் தரையில் தேய்ந்தது.

"செக்கு சுத்துன மாதிரி இருக்கு" என்றார் மரியதாஸ். "எண்ணெய் வருதான்னு பாருங்க."

"உங்க வாய மூடுங்க தம்பி."

"கால கிட்டக் கொண்டு வாங்க டீச்சர்" என்றார் ஜரீனா.

"கிட்ட வந்தா விழுந்துருவேன்."

"என் பெருவிரலத் தொடுற மாதிரி வைங்க."

"விழுந்துருவேன் மேடம், நான் சொல்லுதேன் கேளுங்க."

"வைங்க டீச்சர்."

வடிவு டீச்சர் ஒரு முழம் நகர்ந்தார். பிறகு இன்னும் ஒரு முழம். விரல்நுனிகள் தொட்டன. அவ்வளவு பக்கத்தில் நிமிர்ந்து நின்றபோது இருவர் மூக்கும் இடித்துக்கொள்ளும்போல இருந்தது.

"இப்ப இங்கன எங்க சுத்த? இடமே இல்ல."

 ஜரீனா கையை விடாமல் பின்பக்கமாகச் சாய்ந்தார்.

வடிவு டீச்சரை அந்தக் கனம் முன்னால் இழுத்தது. "ஏய், ஏய்!" என்றவர், விழாமல் இருக்க வேறு வழியில்லாமல் தானும் பின்னால் சாய்ந்தார். சாய்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சுற்றியது.

பெரிய வேகம் ஒன்றுமில்லை. ஆனால் கால்கள் ஒரே இடத்தில் சின்னச் சின்னதாக எட்டுவைக்க, உடம்புகள் இரண்டும் வெளியே விரிந்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, வட்டமாகச் சுற்றியது. வடிவு டீச்சரின் பின்னலிலிருந்து பூ கழன்று ஒரு பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. மூக்குக் கண்ணாடி நழுவிக் காதில் தொங்கியது. நாலு சுற்று, ஐந்து சுற்று. ஆறாவது சுற்றில் அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பா அழுகையா என்று மரியதாஸுக்கே சரியாகத் தெரியவில்லை.

"போதும், போதும், நிறுத்துங்க, தல சுத்துது!"

நிறுத்தியதும் இரண்டு பேரும் கையைப் பிடித்தபடியே தடுமாறி, ஒரே பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். யாரும் யாருக்காகவும் எழுந்து நிற்கவில்லை. நின்றிருக்கவும் முடியாது.

அறை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அது அடங்க வடிவு டீச்சர் காத்திருந்தார். 

"கால் தள்ளி இருந்தப்போ நிமிந்து நின்னேன்" என்றார் வடிவு டீச்சர்.

"ஆமா."

"கால் கிட்ட வந்த பொறவுதான் இம்புட்டு சாய வேண்டியதாப் போச்சு."

"ஆமா."

"எங் கனத்துக்கு அப்படித் தனியாச் சாஞ்சா மல்லாந்துல்லா விழுந்திருப்பேன்."

ஜரீனா தலையை மட்டும் ஆட்டினார்.

வடிவு டீச்சர் கழன்ற கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கரும்பலகையைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மேடம் ரூம்ல இருந்து என் தாள்கட்ட எடுத்துட்டு வாரீங்களா? அப்படியே ஒரு சாக்பீஸும்."

மரியதாஸ் கொண்டுவந்து கொடுத்தார். வடிவு டீச்சர் தாள்களைப் பெஞ்சின்மேல் பரப்பினார். முப்பதாம் தாளை எடுத்தார். அது ஒரு திசையில் இரண்டு எட்டு, ஒரு திசையில் ஐந்து எட்டு, மூன்றாவது திசையில் ஒரு எட்டு போன உறுப்பு. ரெண்டு, அஞ்சு, ஒண்ணு. அது வானத்துக்கு ஓடியிருந்தது.

"ஏ ரெண்டு அஞ்சு ஒண்ணு" என்று தாளைக் கேட்டார். "உங் கையப் பிடிக்கது யாரு?"

தாள்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். ஐம்பத்தாறாம் தாளில் விரல் நின்றது. அஞ்சு, ரெண்டு, ஒண்ணு. அது பாதாளத்துக்கு ஓடியிருந்தது. முதலாவது செவ்வாய்க்கிழமை போட்டது, இரண்டாவது புதன்கிழமை போட்டது. இரண்டையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. தனித்தனியாகச் சமமாக்கி, தனித்தனியாகச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

"சமம்னு வைக்கிறதுக்கு முன்னாலயே ரெண்டையும் கூட்டிருக்கணும்" என்று முணுமுணுத்தார். "நான் சமம்னு வச்சுட்டு ஒவ்வொண்ணா கூப்பிட்டு அடிச்சிருக்கேன்."

போர்டுக்குப் போனார். இரண்டு உறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இரண்டுக்கும் கீழே ஒரே வித்தியாசம்தான். கூட்டினார். மேலே நீளமாக ஒரு வால் வந்தது. அதைப் பிரித்துப் பிரித்து எழுத, மேலேயிருந்தும் அதே வித்தியாசம் ஒன்று தானாக வெளியே வந்தது. கீழே இருந்ததையும் மேலே வந்ததையும் சாக்பீஸால் ஒரே கோடாகக் கிழித்தார். அதன் பிறகுதான் எக்ஸ் ஒன்றையும் எக்ஸ் இரண்டையும் சமமாக வைத்தார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. சாதாரணமான ஒரு எண் வந்து நின்றது.

வடிவு டீச்சர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அடுத்த ஜோடியை எடுத்தார். நாலு, சைபர், ஒண்ணு. சைபர், நாலு, ஒண்ணு. அதுவும் நின்றது. அறுபது தாளும் முப்பது ஜோடிதான் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் இன்னும் இரண்டு ஜோடி போட்டார். பழக்கம்.

"மூணு மூணு இருக்குமே டீச்சர்" என்றார் ஜரீனா பெஞ்சில் இருந்தபடி. "ரெண்டு திசையிலயும் ஒரே அளவு எட்டு. அதுக்கு ஜோடி?"

"அது வெடிக்கவே செய்யாது. கீழ உள்ளது அதுக்கு மேலயும் இருக்கு. அத நான் தாள்லயே எழுதல. அது தனியா நிக்கும்." சாக்பீஸோடு திரும்பினார். "கூட்டல் முடியாம போறதுல்லா, எல்லா ஜோடியவும் சேத்தாலும் தொக அடங்குதான்னு ஒண்ணு காட்டணும். அது அரைப் பக்கம் ஆகும். ராத்திரிக்குள்ள எழுதிருவேன்."

"எழுதுங்க."

"அப்ப இடது பக்கமும் சும்மாத்தான் உக்காந்திருக்கு."

"ஆமா டீச்சர்."

"வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் நடக்கல. உள்ள பூராவும் ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு கிடக்கு."

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சாக்பீஸை மேஜையில் வைத்தார். இடுப்பில் கையை வைத்தார். எட்டு வருஷமாக ஒரு நாள்கூட நாக்கு தவறாதவர், அன்றைக்குத் தவறினார்.

"ஏட்டி ஜரீனா! உனக்கு இது தெரியும்லா?"

ஜரீனாவுக்குக் கண் பளபளத்தது. அந்த விளியைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. "தெரியும் டீச்சர்."

"அந்தத் தேர்வாளரு கேட்டப்பமே தெரியும்?"

"அந்தக் கேள்வியப் படிச்சப்பமே தெரியும். அவருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேட்டிருக்காரு."

"பின்ன ஏன்ட்டி சொல்லல? மூணு நாளா நான் ஒரு வாய்ச் சோறு திங்கல. வீட்டுல அவரு என்னன்னு கேட்டதுக்கு அவரையும் ஏசிட்டேன்."

"எங்க சொல்ல விட்டீங்க? மூணு நாளா போன எடுக்கல. நேர்ல வந்தீங்க, பொய் இல்லன்னு சொன்னேன். பிரியத்துல சொல்லுதேன்னு சொல்லிட்டீங்க."

 தான் என்ன பேசினோம் என்பது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி வடிவு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க மேடம். ஏட்டின்னு கூப்பிட்டுட்டேன்."

"பரவால்ல டீச்சர்."

மரியதாஸ் எப்போது போனார் என்று தெரியவில்லை, டீயோடு திரும்பி வந்தார். ஜரீனாவின் அறைக்கே எல்லோரும் போனார்கள். மேஜையில் இடமில்லை. மரியதாஸ் டஸ்டரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு டீ கிளாஸை வைத்தார். அடியில் கடிதம் இருந்தது. கிளாஸில் இருந்து வழிந்த டீ, வடிவு டீச்சரின் கையெழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"அய்யய்யோ, என்னமோ லெட்டர் மேடம்" என்றார் மரியதாஸ்.

"கெடக்கட்டும் தம்பி" என்றார் வடிவு டீச்சர்.

அவர் டீயைக் குடித்தார். மூன்று நாளைக்குப் பிறகு வயிற்றுக்குள் போன முதல் சூடு அதுதான் போலிருக்கிறது, கண்ணை மூடி மூடிக் குடித்தார். பாதி கிளாஸ் ஆனதும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஜரீனா பிடித்திருந்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க டீச்சர்."

"சுத்தும்போது எனக்குக் கையெல்லாம் வேர்த்துப்போச்சு. நடுவுல ஒரு தரம், விட்டுருவோமான்னுகூட வந்துச்சு. விட்டுருந்தா எம் முதுகு போயிருக்கும், அது போகட்டும். நீங்க எப்படி மேடம் ஒரு பொட்டுக்கூட பயப்படாம நின்னீங்க?"

ஜரீனா கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீங்க கண்ண மூடியிருந்தீங்க டீச்சர்" என்றார். "உங்க கனத்துக்கு ஈடா நான் எவ்வளவு தூரம் சாஞ்சிருந்தேன்னு நீங்க பாக்கல."